சாரி கார்டு இல்லாத வண்டி

“வண்டிச் சாவியைக் கொடுங்க. ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கணும்.”

காபித் தட்டைக் கீழே வைத்த கையோடு வினிதா கேட்டாள். பெண் பார்க்க வந்திருந்த தருண்குமாருக்கு, வாயில் இருந்த பஜ்ஜியை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

“ஏ புள்ளே! வாயைத் தொறந்து எதுவும் கேக்காதேன்னு காலையில இருந்து படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!” அத்தை மாதேவி தலையில் அடித்துக்கொண்டாள். மைசூரில் அவள் வீட்டில்தான் இந்தப் பெண் பார்க்கும் ஏற்பாடு. “தப்பா நினைச்சுக்காதீங்க. எங்க குடும்பத்துலயே காலேஜ் முடிச்ச முதல் ஆளு இவதான். ஹாஸ்டல்ல தங்கி வேலைக்குப் போறா. காய்க்காரனைக்கூட நாலு கேள்வி கேட்டுத்தான் விடுவா.”

“கேக்கட்டும் விடு,” என்றார் ராமாபுரத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருந்த அவளுடைய அப்பா கெம்பையன். “கட்டிக்கப் போறவ அவதானுங்களே.”

தருண்குமாரின் பயம் வேறு. வாசலில் பளபளவென்று நின்ற வண்டி அவனுடையதே இல்லை. ‘பையனுக்குச் சொந்த பைக் இருக்கு’ என்று தரகர் அளந்துவிட்டிருந்தார். அந்த மானத்தைக் காப்பாற்ற, மண்டி மொஹல்லாவில் மெக்கானிக் கடை வைத்திருக்கும் நண்பன் முனிராஜின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி வாங்கி வந்தது. யாரோ சர்வீஸுக்கு விட்டது. ‘சாயந்திரத்துக்குள்ள வந்து சேரணும், சாவியை வேற யார் கையிலயும் கொடுக்கக் கூடாது’ என்று சொல்லித்தான் தந்தான். கூடவே தொங்கிய ஹெல்மெட் தலையை இறுக்கி, ஜெல் போட்டு வாரிய முடியைப் பாழாக்கியது தனிக்கதை.

“அது பொம்பளைங்க ஓட்டுற வண்டி இல்லீங்க. வெயிட்டு ஜாஸ்தி.” சாவியைப் பாக்கெட்டின் அடிக்குத் தள்ளினான்.

“சரி, ஓட்டலை. ஏன் இந்த வண்டியை எடுத்தீங்க? அதையாவது சொல்லுங்க.”

“நல்லா யோசிச்சுத்தான். பெரிசா எடுத்தா பெட்ரோலைக் குடிக்கும். சின்னதா எடுத்தா சாமுண்டி மலை ஏறும்போது மூச்சு வாங்கும். அதான் நடுவாந்திரமா, நூத்தறுபது சிசி.” தன் திறமையை நினைத்து அவனுக்கே பெருமையாக இருந்தது.

“ஏபிஎஸ் சிங்கிள் சேனலா, டூயல் சேனலா?”

ஏபிஎஸ் என்றால் ஏதோ பிரேக் சமாச்சாரம் என்ற அளவுக்குத் தெரியும். கூட்டிச் சொன்னால் கௌரவம் என்று பட்டது.

“நாலு சேனல்.”

“நாலா!”

“ஷோரூம்ல மூணுதான் இருக்குன்னாங்க. நான் விடலையே!”

வினிதாவின் உதடு துடித்தது. சிரிப்பா, கோபமா என்று பிடிபடவில்லை. விடுவிடுவென்று வாசலுக்குப் போனாள். காபி டம்ளர்களோடு எல்லோரும் பின்னால் போனார்கள்.

பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினாள். டேங்க்கில் ஒரு இடத்தில் விரல் நின்றது. “இது என்ன கீறல்?”

“குழந்தை மாதிரிப் பார்த்துக்கறாம்மா வண்டியை,” என்று தருணின் அம்மா குறுக்கே புகுந்தாள். “தினம் துடைப்பான். ராத்திரி கவர் போட்டு மூடுவான். தூசி விழ விடமாட்டான்.”

“தூசி விழலைங்க. பெல்ட் விழுந்திருக்கு.” அவன் இடுப்பில் மின்னிய பெரிய பக்கிளைக் காட்டினாள். “இன் பண்ணிக்கிட்டு டேங்க்கைக் கட்டிப்பிடிச்சு ஓட்டினா கோடு விழாம என்ன செய்யும்? பச்சைக் கீறல். இன்னிக்குத்தான் விழுந்திருக்கு.”

தருண்குமார் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டான். முனிராஜ் தோலை உரிப்பான்.

அம்மாவின் கண் பின்சக்கரத்துக்குப் போனது. “ஏன்டா, சாரி கார்டைக் காணோம்?”

“ஸ்டைலா இருக்கட்டும்னு நான்தான் கழட்டிட்டேன்மா.”

“நாளைக்கே மாட்டு. மருமக சேலை கட்டி உட்கார்ந்து வரணுமில்ல? கல்யாணத்துக்கு அப்புறம் வேலை கீலையெல்லாம் பேடா, வேண்டவே வேண்டாம். எங்க போறதுன்னாலும் இவன் கூட்டிட்டுப் போவான். பொம்பளை வண்டி ஓட்டுறதெல்லாம் எங்க வீட்டுல ஆகாது. அஷ்டே, அவ்வளவுதான்!”

கெம்பையனுக்குக் காபி புரையேறியது.

“ரெண்டு நிமிஷம்,” என்று சொல்லிவிட்டு வினிதா உள்ளே போனாள்.

“வாய் ஜாஸ்திதான்,” என்று அம்மா மகனின் காதில் கிசுகிசுத்தாள். “ஆனா பொருளைப் பத்திரமா வெச்சுக்கிற புத்தி இருக்கு. முடிச்சிடலாமா?”

தருண்குமார் வேகமாகத் தலையாட்டினான். திட்டினாலும் பிடித்திருந்தது. வண்டியை விற்றுவிட்டதாக அப்புறம் ஏதாவது சொல்லிச் சமாளித்துக்கொள்ளலாம்.

வினிதா திரும்பி வந்தாள். சுடிதாருக்கு மாறியிருந்தாள். தோளில் கைப்பை.

“சேலையை எதுக்குடி அவுத்தே?” என்று அலறினாள் அத்தை. வினிதா நேரே வண்டிக்குப் போனாள். கண்ணாடியில் மாட்டியிருந்த ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். அளவெடுத்துச் செய்ததுபோல் உட்கார்ந்தது. கெம்பையன் மட்டும் போய் கேட்டைத் திறந்துவிட்டார்.

வினிதா தன் கைப்பையிலிருந்து ஒரு சாவியை எடுத்துச் செருகித் திருப்பினாள். ஒரே அழுத்தில் வண்டி உறுமியது.

“உங்ககிட்ட எப்படி சாவி…” தருண்குமார் தன் பாக்கெட்டைத் தடவிப் பார்த்தான்.

“உங்க கையில இருக்கறதை முனிராஜ்கிட்டயே கொடுத்துடுங்க. சர்வீஸுக்கு விட்டவளே வந்து எடுத்துட்டுப் போயிட்டான்னு சொல்லுங்க.” கியரைத் தட்டினாள். “அப்புறம், அந்த சாரி கார்டைக் கழட்டினது நான். பின்னால உட்கார்ந்து போகவா நான் வண்டி வாங்கினேன்?”