பூட்டில்லாத வைஃபை

“எத்தனை வருஷமா இந்தத் தெருவுல இருக்கேன் மேடம். என் வாசல்ல போலீஸ் ஜீப் வந்து நின்னதே கிடையாது. இன்னிக்கு என் மானம் கப்பலேறிப் போச்சு.”

குடியிருப்போர் சங்கச் செயலாளர் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். எதிரே உட்கார்ந்திருந்த பெண் இன்ஸ்பெக்டர் குரலை உயர்த்தவில்லை.

“காலையில வீட்டு முகவரி கேட்டப்பவே போன்ல விவரம் சொன்னேனே சார். ஒரு பொண்ணுக்கு ரெண்டு மாசமா கண்றாவியா மெசேஜ் போகுது. அத்தனையும் உங்க வீட்டு இன்டர்நெட்லேர்ந்துதான் போயிருக்கு.”

“இந்த வீட்ல இருக்கறது நானும் என் சம்சாரமும்தான். அவளுக்கு போனை எடுத்து ஹலோ சொல்லத்தான் தெரியும்.”

சமையலறை வாசலில் நின்றிருந்த மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

இன்ஸ்பெக்டருக்குப் புகார் கொடுத்த அந்தப் பெண்ணின் முகம் நினைவுக்கு வந்தது. கண் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் உட்காருகிறவள். போன் சிணுங்கினாலே பயமாக இருக்கிறது என்று வேலைக்குப் போவதையே நிறுத்திவிட்டாள்.

“உங்க வைஃபை பாஸ்வேர்டு வேற யாருக்குத் தெரியும்?”

“பாஸ்வேர்டுன்னு ஒண்ணு இருந்தாத்தானே மேடம். நீங்களே பாருங்க.”

இன்ஸ்பெக்டர் தன் போனை எடுத்துப் பார்த்தார். எதுவும் கேட்காமல் சட்டென்று இணைந்துகொண்டது. அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“படிச்சவர்தானே சார் நீங்க? வாசக்கதவுக்கு ரெண்டு தாழ்ப்பாள் போட்டிருக்கீங்க. இதை மட்டும் ஊருக்கே திறந்து விட்டிருக்கீங்க. எவனோ உங்க முதுகுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டு ஒரு பொண்ணை உயிரோட சாகடிக்கிறான்.”

“தப்புதான் மேடம். எனக்கு இந்தக் கருமமெல்லாம் என்ன தெரியும். ஆனா எவனோ இல்லை. மாடியில ஒண்டிக்கட்டையா ஒருத்தன் குடியிருக்கான், வெல்டிங் பட்டறையில வேலை. எந்நேரமும் போனும் கையுமாத்தான் அலைவான். அவனுக்கு வீடு குடுத்த என் புத்தியைச் சொல்லணும்.”

கான்ஸ்டபிள் மாடிக்குப் போய் வெல்டரைக் கூட்டிவந்தார்.

“நான் என் காசுலதாங்க நெட் போட்டிருக்கேன். சத்தியமா எனக்கு எதுவும் தெரியாது.” அவன் கையெடுத்துக் கும்பிட்டான்.

“ஸ்டேஷன்ல வந்து சொல்லு.” கான்ஸ்டபிள் அவன் போனை வாங்கிக்கொண்டு தோளில் கைவைத்தார். வாசலில் அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள்.

“இவனைச் சும்மா விட்டுடாதீங்க மேடம்,” என்றார் செயலாளர். “அந்தப் பொண்ணைப் பெத்தவங்க வயிறு என்னமா எரிஞ்சிருக்கும்.”

இன்ஸ்பெக்டர் எழுந்தார்.

“முதல்ல உங்க வைஃபைக்கு ஒரு பாஸ்வேர்டு போடுங்க. நான் இருக்கும்போதே போடுங்க. தெரியலைன்னா எங்க ஆளு சொல்லித் தருவார்.”

செயலாளர் போனைக் கையில் வைத்துக்கொண்டு தடுமாறினார். “என்ன போடறதுன்னே தெரியலையே.”

அதுவரை வாயே திறக்காத மனைவி இரண்டடி முன்னால் வந்தாள். புருஷன் பக்கம் திரும்பவே இல்லை. இன்ஸ்பெக்டரைப் பார்த்துத்தான் பேசினாள்.

“பழசையே போடச் சொல்லுங்க மேடம். காலையில நீங்க பேசிட்டு போனை வெச்சதும் அவசர அவசரமா எடுத்துட்டாரே, அதையே.”