கள்ளிப்பழச் சிவப்பு

கடல் தாண்டி வந்து செஞ்சிக்கோட்டையைச் சுற்றி மண்டிய சப்பாத்திக்கள்ளியை, கடல் தாண்டி வந்த வெள்ளைப்பூச்சியே தின்று தீர்த்தது. இரண்டாம் உலக யுத்தம் தொடங்கியபோது ஒரு மடல்கூட மிச்சமில்லை. ஆனாலும் கொஞ்ச நாளாய் அம்மாக்கண்ணுவின் ஆடுகள் கோட்டையிலிருந்து வாய் சிவந்து திரும்பின.

“யாரோ கள்ளிப்பழம் குடுக்குறாங்க. நடுவுல இருக்குற நட்சத்திர முள்ள எடுக்காம முழுங்குனா தொண்டையில குத்திக்குமே,” என்றாள் புருஷனிடம்.

“கள்ளியே பூண்டோட பூடுச்சி. பழத்துக்கு எங்கடி போவாங்க?” என்று சிரித்தான் தனகோட்டி.

அவளுக்குச் சந்தேகம் தீரவில்லை. மறுநாள் ஆடுகளை மேய்ச்சலுக்கு விடாமல் பட்டியிலேயே அடைத்தாள். சாயங்காலம் ஒவ்வொன்றின் வாயையும் திறந்து பார்த்தாள். சிவப்பில்லை.

நிம்மதியாய் வீட்டுக்குள் போய்த் தூளியை விலக்கினாள். கைக்குழந்தை உதடு சிவக்கச் சிரித்தது. தலைமாட்டில், ஈரம் காயாத நட்சத்திர முள் பத்திரமாய் எடுத்து வைக்கப்பட்டிருந்தது.