இருபத்துமூன்று போத்தல்கள்

முனாப்பை ஊரைவிட்டு அனுப்பும் தீர்மானத்தை ஜெமீல் மாஸ்டர் வீட்டிலேயே எழுதிக்கொண்டு வந்திருந்தார். அதில் முனாப்பின் பெயர் இல்லை. “கிருமியைச் சுமப்பவர் எவராயினும்” என்றுதான் இருந்தது. டொக்டர் செபரட்ணம் வற்புறுத்தியதால் வந்த சொற்கள் அவை.

கிராமச் சங்கக் கூடம் நிறைந்திருந்தது. சேர்மன் அபுல் ஹஸன் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். ஊரின் கந்தூரி விருந்துகளுக்கெல்லாம் சமைக்கும் முனாப், உட்கார வாங்கில் ஓரிடம் இருந்தும் கதவோரமாக நின்றார்.

ஜெமீல் கொப்பியைத் திறந்தார். மனைவி நதீரா காய்ச்சலில் மவுத்தாகி ஏழு மாதம். பள்ளிக்கூடம் விட்டதும் வீடு வீடாகப் போய் எழுதிய கொப்பி அது.

“அம்பத்திமூணாம் வருஷத்துல மட்டும் நெருப்புக் காய்ச்சல் வந்தவங்க பத்தொன்பது பேர். ஆறு பேர் மையத்து. கிணறு வேற வேற. பால்காரன் வேற வேற. ஒண்டுதான் எல்லாருக்கும் பொது. கந்தூரியில ஒரே சஹன் தட்டச் சுத்தி ஆறு பேரா இருந்து திண்டவங்க, இல்லாட்டி அங்கயிருந்து வந்த சோத்த ஊட்டுல திண்டவங்க.”

“சமைச்சது ஆரு?” சேர்மனுக்குப் பதில் தெரியும். இருந்தாலும் கேட்டார்.

“எல்லாத்துக்கும் இவன்தான்.”

“மாஸ்டர், நான் ஆக்கிற சோறு கொதிக்கக் கொதிக்க இறங்கிறது” என்றார் முனாப். “கொதிச்சதுல கிருமி சாகும் எண்டு நீங்கதானே எண்ட மகளுக்குப் படிப்பிச்ச?”

“இறக்கினதுக்குப் பிறகு?”

“அகப்பையாலதானே அள்ளுற...” நம்பாமல் யாரோ சிரித்தார்கள். முனாப் நிறுத்திக்கொண்டார்.

ஜெமீல் சிரிக்கவில்லை. “மசக்கையில நதீரா ஒண்டும் தின்னல்ல. இவன் ஆக்கின கந்தூரிச் சோத்த நான் கொண்டு போய் எண்ட கையால ஊட்டி விட்ட. நாப்பது நாளைக்குள்ள அவளையும் வயித்துப் பிள்ளையையும் ஒண்டா அடக்கின.”

வாய்ப்பாடு ஒப்பிப்பதைப் போலத்தான் சொன்னார்.

மூன்று வாரத்துக்கு முன் இதே கூடத்தில்தான் டொக்டர், கந்தூரிச் சோற்றில் கைபடும் எல்லோரும் ஆளுக்கொரு போத்தலில் மலம் தரவேண்டும் என்று கேட்டிருந்தார். ஒருவரும் அசையவில்லை. “டொக்டர், இதையுமா கொழும்புக்குத் தபால்ல அனுப்புற? தபால்காரன் என்ன பாவம் செஞ்ச?” என்றார் அங்கத்தவர் முகைதீன்பாவா.

மறுநாள் ஜெமீல்தான் முதல் போத்தலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். “நானும் கந்தூரியில சஹன் சஹனாத் தயிரும் பழமும் பிசையிற ஆள்தானே. வெக்கத்த விடுங்க.” அதன் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். முனாப்பும் கொடுத்தார். மொத்தம் இருபத்துமூன்று.

கொழும்பு ஆய்வுகூடத்தின் பதில் இப்போது டொக்டரின் முன்னால் மடித்தபடி கிடந்தது.

“மாஸ்டர், ரெண்டு நிமிஷம் வெளியில வாங்க. தனியக் கதைக்க வேணும்” என்றார் டொக்டர்.

“தனியக் கதைச்சா நீங்க இரக்கம் பாப்பீங்க. முதல்ல தீர்மானம் நிறைவேறட்டும்.”

“சுமக்கிற ஆளுக்கே அது தெரியாது, மாஸ்டர். எப்பவோ காய்ச்சல் வந்து மாறியிருக்கும். ஆள் நல்லாத்தான் இருக்கும். சவுக்காரம் போட்டுக் கை கழுவச் சொல்லுவம். மத்தவங்கட சாப்பாட்டுல கை வைக்க வேணாம் எண்டு சொல்லுவம். ஊருக்கு அது போதும்.”

“எனக்குப் போதாது.”

ஜெமீல் எழுந்து தீர்மானத்தை வாசித்தார். கிருமியைச் சுமப்பவர் எவராயினும் ஊரைவிட்டு நீங்கவேண்டும். அவருக்கு எவரும் வீடு கொடுக்கலாகாது. அவரோடு எவரும் சஹனில் அமரலாகாது.

“மாஸ்டர்ர பொஞ்சாதிக்காகவாவது கைய உயர்த்துங்க” என்றார் சேர்மன்.

கைகள் உயர்ந்தன. முகைதீன்பாவா இரண்டு கைகளையும் உயர்த்தினார். கடைசியாகக் கதவோரத்திலும் ஒரு கை உயர்ந்தது.

“நீயுமா?” என்றார் சேர்மன்.

“எனக்கும் பிள்ளைகள் இரிக்கி” என்றார் முனாப். “அது எண்ட கையில இருந்தா நான் இஞ்ச இரிக்கக் கூடாதுதான்.”

டொக்டர் மட்டும் கையை உயர்த்தவில்லை. அந்தக் கை கடிதத்தை அழுத்திப் பிடித்திருந்தது.

“தாங்க” என்றார் ஜெமீல்.

“வேணாம், மாஸ்டர்.”

ஜெமீல் அதை இழுத்தெடுத்துப் பிரித்தார். இங்கிலீசில் தட்டச்சடித்த இருபத்துமூன்று பெயர்கள். ஒன்றின் கீழே மட்டும் சிவப்புக் கோடு. அந்தக் கூடத்தில் இங்கிலீசு வாசிக்கத் தெரிந்தவர்கள் டொக்டரும் அவரும் மட்டுந்தான்.

ஒரு தடவை வாசித்தார். இன்னொரு தடவையும் வாசித்தார்.

“எண்ட பேரா, மாஸ்டர்?” என்று கேட்டார் முனாப். சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு, போகத் தயாராகவே நின்றார்.

“இல்ல, முனாப் காக்கா.”

ஜெமீல் கடிதத்தை மடித்து மேசையில் வைத்தார். பிறகு சேர்மனின் பக்கம் திரும்பினார்.

“நான் எப்ப ஊர விட்டுப் போகணும்?”