லென்ஸ் சரியில்லை

அன்னக்கொடி கல்யாண ஆல்பத்தை மேசைமேல் வீசினாள்.

"என்னண்ணே எடுத்து வச்சிருக்கீக? பொண்ணு, மாப்ள, சொந்தக்காரக, அம்புட்டுப் பேரும் வேற எங்கயோ பாத்துச் சிரிக்கிறாக. எம் மக கல்யாணத்த இன்னொருக்கா நடத்த முடியுமா?"

தல்லாகுளத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் சிவனாண்டி பதிலுக்குக் கத்தினார். "லென்ஸ் சரியில்ல தங்கச்சி! ஜப்பான் சாமான்னு சொல்லி அந்தக் களவாணிப் பய என் தலையில கட்டிட்டான்."

போன மாதம் கேமராவைத் திட்டினார், மாற்றினார். இந்த மாதம் லென்ஸ். எதை மாற்றினாலும், யாரைப் படமெடுத்தாலும், கண்கள் கேமராவை விட்டு வலப்பக்கமே போயின.

"லென்ஸ் மேல எதுக்குப் பழி போடுறீக? உங்க பக்கத்துல நின்னவரத்தான் எல்லாரும் பாத்தோம். அவருதான, கொஞ்சம் சிரிங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு" என்றாள் அன்னக்கொடி.

சிவனாண்டி எங்கும் தனியாகத்தான் போவார். யாரையும் சிரிக்கச் சொன்னதில்லை. ஆடாதீங்க என்று அதட்டுவதோடு சரி.

அவள் போனதும் கதவை அறைந்து சாத்தினார். ஸ்டாண்டில் கேமராவை நிறுத்தி, தானாகப் படமெடுக்கும் விசையை முடுக்கிவிட்டு, எதிரே போய் உட்கார்ந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு லென்ஸையே முறைத்தார். கிளிக் என்றது. உடனே பிலிமைக் கழுவி பிரிண்ட் போட்டார்.

பல்லைக் கடித்ததில் தாடை இன்னும் வலித்துக்கொண்டிருந்தது. படத்தில் அவர் வலப்பக்கம் பார்த்து, வாய்கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.