குற்றாலக் குளியல்

1936, ஆடிச் சாரல். தென்காசியில் காங்கிரஸ் வேட்பாளர் யார் என்று கட்சிக்காரர்களே ஓட்டுப் போடும் நாள். போட்டியில் இருந்த ஆவுடையப்பன், எதிராளி நம்பிராஜனின் ஆட்களைக் காலையிலேயே வண்டியேற்றிக் குற்றாலத்துக்குக் குளிக்க அனுப்பினார்.

“எண்ணெய், இட்லி, மாத்திக் கட்ட ஆளுக்கொரு மில் வேட்டி வேற. அவுக ஓட்டு உங்களுக்கா விழப்போகுது?” என்றாள் மனைவி சந்தனமாரி.

“விழாது. ஆசையா குளிக்கட்டும்.”

“நேரத்துக்கு வந்துருவாவளா?”

“வண்டிக்காரன் கொண்டாந்துருவான்.”

சொன்னபடியே எல்லாரும் வந்து, புது வேட்டி மினுங்க வரிசையில் நின்றார்கள். கமிட்டித் தலைவர் அவர்களை ஏற இறங்கப் பார்த்தார்.

“கதர் கட்டினவுகளுக்குத்தான் ஓட்டு. உங்க கதரெல்லாம் எங்க, அண்ணாச்சி?”

“அருவியில நனைஞ்சுபோச்சு. இந்தச் சாரல்ல எப்படிக் காயும்?”

ஆவுடையப்பன் தம் கதர்த் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, முதல் ஆளாக ஓட்டுப் போடப் போனார்.