பயிற்சி அழைப்பு

புளூ காய்ச்சல் பரவி அலுவலகத்தை மூட நேர்ந்தால், ஒருவர் அடுத்தவரை அழைத்துச் செய்தி சொல்ல வேண்டும். கடைசி ஆள் மேலாளரை அழைக்க வேண்டும். கையேட்டில் அப்படித்தான் இருந்தது. மேலாளர் புஷ்கலா ஞாயிறு காலை அதைப் பயிற்சியாகத் தொடங்கிவைத்தாள். காபி ஆறுவதற்குள் செய்தி சுற்றி வந்துவிட்டது.

கடைசி ஆள், போன வாரம் சேர்ந்த இர்ஃபான்.

"மேடம், எனக்குச் செய்தி வந்துடுச்சு. பயிற்சியில நான் பாஸா?"

"பாஸ்தான். யார் கூப்பிட்டாங்க?"

"தேவசகாயம் சார்."

புஷ்கலா உட்கார்ந்தாள். போன மழைக்காலத்தில் அப்போதைய மேலாளர் தேவசகாயம் காய்ச்சலில் படுத்தபோது, அவர் திரும்பும்வரை என்று சொல்லித்தான் அவளை அந்தப் பதவியில் வைத்தார்கள். அழைப்பு வரிசையில் இருவர் எண்களையும் அவளே இடம் மாற்றினாள். அவரை அடக்கம் செய்த பிறகு அவர் எண்ணை நீக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"அவர் வீட்ல வேற யாராவது பேசியிருப்பாங்க."

"இல்ல மேடம், அவரேதான். நடுநடுவுல இருமினார். நாளைக்கு ஆபீஸ் வரலாமான்னு என்கிட்ட கேட்கறார். நானே புது ஆள், சிரிப்பு வந்துடுச்சு."

"என்ன சொன்னீங்க?"

"கையேட்டுல இருக்கறதைத்தான். காய்ச்சல் இல்லேன்னா வரலாம்னு சொன்னேன். உடம்பு நல்லா ஜில்லுன்னு இருக்காம் மேடம். வந்துடுறாராம்."