கார்டு மெஷின் யார் பேரில்?

"ஓனர் சார் இல்லீங்களா, மேடம்?"

கார்டு மெஷின் வைத்துக்கொடுக்க வந்த பேங்க் ஊழியன் ரித்தீஷ், கடைக்குள் நுழைந்ததும் கேட்ட முதல் கேள்வியே இதுதான்.

"நான்தானுங்க ஓனர். உட்காருங்க," என்றாள் சித்ராதேவி.

ராயபுரத்தில் அவளுடைய பனியன் கடை. முன்னால் விற்பனை, பின்னால் நாலைந்து தையல் மெஷின்கள். பெங்களூரிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் மொத்தமாக வாங்க வருகிறவர்கள் கிரெடிட் கார்டைத்தான் நீட்டுகிறார்கள். மெஷின் இல்லை என்றால் பக்கத்துக் கடைக்கு நடையைக் கட்டிவிடுகிறார்கள். அதனால்தான் பேங்க்கில் சொல்லி வைத்திருந்தாள்.

ரித்தீஷ் கையிலிருந்த டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினான்.

"எல்லாம் நானே ரெடி பண்ணிட்டேனுங்க. சார் வந்து ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

சித்ராதேவி குனிந்து பார்த்தாள். விண்ணப்பம் அவள் கணவர் சாமியப்பன் பேரில் இருந்தது. கார்டில் வரும் பணம் போய்ச் சேருகிற அக்கவுண்டும் அவருடையது. ஓடிபி வருகிற நம்பர்கூட அவருடையதுதான்.

"இதை யாருங்க இப்படிப் போடச் சொன்னது?"

"உங்க அக்கவுண்டுல நாமினியா சார் நம்பர் இருந்துச்சுங்க. நேத்தே கூப்பிட்டுப் பேசிட்டேன். அவரும் சரின்னுட்டாருங்க."

என்னிடம் கேட்காமல் அவரிடம் கேட்டிருக்கிறான்! சித்ராதேவிக்கு முகம் சிவந்துவிட்டது. யாருக்குத்தான் சிவக்காது? சாமியப்பன் நல்ல மனுஷர்தான். ஆனால் உடுமலைப்பேட்டைத் தென்னந்தோப்பே கதி என்று இருப்பவர். இந்தக் கடையில் எந்த ரேக்கில் என்ன சைஸ் இருக்கிறது என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார். நகையை அடகு வைத்து முதல் தையல் மெஷின் வாங்கியது அவள். சாயப்பட்டறைக்கும் துணி குடோனுக்கும் ஸ்கூட்டியில் அலைந்தது அவள். பணம் மட்டும் அவர் அக்கவுண்டுக்கா?

"மாத்துங்க. எல்லாம் என் பேர்ல வரணும்."

"சார் பாத்துக்கிட்டா சேஃப்ங்க, மேடம். நாளைக்கு உங்களுக்குள்ள ஏதாச்சும் மனஸ்தாபம் வந்தா..."

"எங்க ஊட்டு மனஸ்தாபத்தை நாங்க பாத்துக்கறோமுங்க. உங்க மேனேஜருக்குப் போன் போடுங்க."

ஸ்பீக்கரில் மேனேஜர் குரல் கேட்டதுமே பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க, உழைக்கறது நானு. என் காசு எங்க போகோணும்னு எங்க ஊட்டுக்காரரு சொல்லோணுமா? பொம்பளைன்னா அத்தனை எளக்காரமா? இன்னைக்கே என் பேர்ல வைக்கறதுன்னா வைங்க. இல்லீன்னா எனக்கு வேற பேங்க் இருக்குதுங்க!"

பின்னால் தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஓவர்லாக் மெஷினில் இருந்த முனீஸ் எட்டிப் பார்த்தான். அவன் மனைவி வெள்ளையம்மாள், தைத்த பனியன்களில் நூல் பிசிர் வெட்டிக்கொண்டிருந்த கத்தரியைக் கீழே வைத்துவிட்டு வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

மேனேஜர் மன்னிப்புக் கேட்டார். ரித்தீஷ் வேர்த்து விறுவிறுத்து எல்லாவற்றையும் முதலிலிருந்து போட்டான். ஓடிபி சித்ராதேவியின் போனுக்கு வந்தது. கையெழுத்தும் அவள்தான் போட்டாள். சோதனைக்கு ஒரு கார்டைத் தேய்த்தபோது, அவள் கடைப் பேரோடு சீட்டு வெளியே வந்தது.

"இனி எங்க போனாலும் பொம்பளைகிட்டயே கேளுங்க தம்பி," என்று டீ கொடுத்து அனுப்பி வைத்தாள்.

அவன் தலை மறைந்ததும் வெள்ளையம்மாள் ஓடி வந்தாள்.

"யக்கா, நல்லாக் கேட்டிய! எனக்கே தெம்பு வந்துட்டு. நானும் எம் பேருல ஒரு அக்கவுண்டு ஆரம்பிச்சிருக்கேன். இன்னைக்குச் சனிக்கெழமல்லா, எஞ் சம்பளத்த இனிமே அதுல போட்டுருங்கக்கா."

புருஷனும் பெண்டாட்டியும் ஜோடியாக வேலைக்கு வந்தால், இரண்டு பேர் வாரச் சம்பளத்தையும் சேர்த்துப் புருஷனுக்கு அனுப்புவதுதான் அங்கே வழக்கம்.

"ஏன், இப்ப என்ன திடீர்னு?"

"பாப்பாவுக்கு நர்சிங் காலேசு பீஸ் கட்டணும்க்கா. அவுக கைக்குப் போனா, அவுக தம்பி வண்டிக்கு டியூ கட்டிட்டு வந்து நிப்பாக. நான் ராப்பகலா பிசிர் வெட்டுன காசுக்கா அது."

"அட, இதுக்கு எதுக்குக் கண்ணு கண் கலங்கறே?"

சித்ராதேவி அவள் தோளை ஆதரவாகத் தட்டிக்கொடுத்தாள். போனைக் கையில் எடுத்துக்கொண்டு பின்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"முனீஸ், இங்க வா. உம் பொண்டாட்டி அவ சம்பளத்தை அவ அக்கவுண்டுலயே போடச் சொல்றா. நீ சரின்னாப் போடறேன், என்ன சொல்றே?"